சித்தம் தளர்ந்த பெற்றோருக்காகத் தீர்மானிப்பவர் யார்?

பெற்றோரின் புத்தி தளர்ந்து, தம்முடைய காரியங்களைத் தாமே நடத்திக்கொள்ளும் சக்தி அவர்களை விட்டு மெல்ல மெல்ல நீங்கும்போது, அவர்களுக்காகத் தீர்மானம் செய்யும் அதிகாரம் யாரைச் சேர்ந்தது, அது எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது, எந்த நியாயத்தை அளவுகோலாகக் கொண்டு அதனைச் செலுத்த வேண்டும் என்ற கேள்வி, மனிதர் சட்டம் வகுக்கத் தலைப்பட்ட காலம் முதலாகவே அவர்களை வருத்தி வந்திருக்கிறது. ரோமானியர் அதற்கு ஒரு விடை கண்டனர். நம் தர்மசாஸ்திரக்காரர்கள் மற்றொரு விடை கண்டனர். ஆங்கில மன்னரின் பெயரால் ஒரு விடை பிறந்து, கடல் கடந்து இங்கே வந்து வேரூன்றிற்று. நம் காலத்தில் ஐக்கிய நாடுகள் சபையின் உடன்படிக்கை ஒன்று, முந்தைய விடைகள் யாவும் அடிப்படையிலேயே பிழையானவை என்று கூறுகிறது. இத்தனை விடைகள் இருந்தும், மறதி நோய் கண்ட தாயின் வங்கிக் கணக்கிலிருந்து அவருடைய சிகிச்சைக்கே பணம் எடுக்க வழியறியாமல் தவிக்கும் மகளுக்கு, இந்தியச் சட்டம் இன்றும் தெளிவான ஒரு பாதையைக் காட்டவில்லை.

இந்தக் கேள்வி சிலருடைய துன்பம் மட்டுமாக இருந்த காலம் போய்விட்டது. இந்தியாவில் 60 வயது கடந்தோரில் 7.4 சதவீதத்தினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், டிமென்ஷியா எனப்படும் மறதி நோய்க்கு ஆளாகியிருக்கலாம் என்று 2023-இல் வெளியான தேசிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. இந்நோய்க்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. பிராயம் வராத குழந்தைக்கும், நினைவிழந்து படுக்கையில் கிடப்பவருக்கும் சட்டம் ஒரு கோடு கிழித்துவிடலாம். மறதி நோயாளியோ காலையில் தெளிந்தும் மாலையில் குழம்பியும் இருப்பார். நிலத்தின் கிரயத்தைக் கணக்கிட முடியாத நிலையிலும் தம்மை எந்த மகள் கவனிக்க வேண்டும் என்பதை ஐயமறச் சொல்லுவார். நோய் எட்டுப் பத்து ஆண்டுகள் நீளக்கூடும். தீர்மானங்களும் ஒரே வகையின அல்ல. சொத்து ஒன்று, வைத்தியம் ஒன்று, எங்கே வாழ்வது, யாருடன் வாழ்வது, கதவைப் பூட்டுவதா வேண்டாமா என்னும் அன்றாடத் தீர்மானங்கள் ஒன்று.

பழைய விடைகள்

கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் நடுவில் இயற்றப்பட்ட ரோமானியரின் பன்னிரண்டு பலகைச் சட்டம், சித்தப் பிரமை கொண்டவரையும் அவருடைய செல்வத்தையும் தந்தைவழி உறவினரின் பொறுப்பில் ஒப்படைத்தது. அந்த உறவினரே அவருக்குப் பின் அச்சொத்துக்கு வாரிசாகக் கூடியவர்கள் என்பதைக் கவனித்தால், அச்சட்டம் நோயாளியைவிடக் குடும்பச் செல்வத்தையே முதன்மையாகக் காக்க எண்ணிற்று என்பது விளங்கும். காப்பவரே அடையப்போகிறவராகவும் இருக்கும் இந்த இரட்டை நிலை, இன்றுவரை எந்தச் சட்டமும் முழுவதுமாக நீக்க முடியாத குறையாகத் தொடர்ந்து வருகிறது.

நம் தர்மசாஸ்திரங்களில் இருவேறு போக்குகள் காணப்படுகின்றன. மனுஸ்மிருதியும் யாக்ஞவல்கிய ஸ்மிருதியும் உன்மத்தரைப் பாகம் பெறும் உரிமையிலிருந்து விலக்கிவிட்டு, அவர்களுக்கு அன்ன வஸ்திரம் அளித்துக் காப்பது பாகம் பெற்றோரின் கடமை என்று விதித்தன. உரிமை போயிற்று, ஜீவனாம்சம் நின்றது. பிறவிப் பைத்தியம் நீங்கலாகப் பெரும்பாலான குறைகள் வாரிசுரிமைக்குத் தடையாகா என்று 1928-இல் இயற்றப்பட்ட சட்டம் கூறும் வரையில் இக்கொள்கை நீதிமன்றங்களிலும் செல்லுபடியாயிற்று. மற்றொரு போக்கு அதிகம் பேசப்படாதது; ஆனால் நம் கேள்விக்கு மிக நெருக்கமானது. சங்கர், லிகிதர் பெயரால் வழங்கி, தாயபாகம் என்னும் நூல் எடுத்தாளும் ஸ்மிருதி வாக்கியம் ஒன்று, தந்தை சக்தியற்றவரானால் மூத்த மகனோ, அவன் சம்மதத்தோடு விவகாரம் அறிந்த இளையவனோ குடும்பக் காரியங்களை நடத்தலாம் என்கிறது. தந்தை மூப்படைந்தாலும், அவர் சித்தம் மாறினாலும், தீராப் பிணியுற்றாலும், அவர் விரும்பாதவரையில் பாகப்பிரிவினை செய்யலாகாது என்று உடனே சேர்த்துக்கொள்கிறது. நிர்வாகம் மகனிடம் போகலாம், சொத்தின் தலைவிதியை மாற்றும் அதிகாரம் போகாது என்னும் இந்தப் பாகுபாட்டில், இன்றைய சட்டங்கள் பல முயற்சிகளுக்குப் பின் அடைந்த விவேகத்தின் சாயல் ஒன்று இருக்கிறது. ஆனால் மகன் வரம்பு மீறினால் யார் தடுப்பது என்பதற்கு அதில் விடை இல்லை. மகளும் அதில் இல்லை. தாயின் சித்தம் தளர்ந்தால் என்ன செய்வது என்ற நினைவும் அதில் இல்லை.

ஆங்கில நாட்டின் விடை அரசனிடமிருந்து வந்தது. 13-ஆம் நூற்றாண்டின் முடிவிலோ 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுந்த அரச உரிமைச் சாஸனம், பிறவியிலேயே அறிவு குன்றியவரின் நில வருமானத்தை அரசன் அனுபவிக்கலாம் என்றும், இடையில் சித்தம் கலங்கியவரின் சொத்தையோ, அவர் தெளிவடையும் நாளில் திருப்பித் தருவதற்காக நம்பிக்கைப் பொறுப்பாகக் காக்க வேண்டும் என்றும் வகுத்தது. அரசனே நாட்டின் தந்தை என்னும் இக்கருத்து நியாயஸ்தலங்களின் கைக்கு மாறி, உயர் நீதிமன்றங்களின் 1865-ஆம் ஆண்டு சாஸனத்தின் 17-ஆம் பிரிவு வழியாகச் சென்னைக்கும் வந்தது. 1858-இல் மூன்று சட்டங்களாகவும், 1912-இல் இந்தியப் பைத்தியச் சட்டமாகவும், 1987-இல் மனநலச் சட்டமாகவும் அது உருமாறிக்கொண்டே போயிற்று. இவற்றிலெல்லாம் ஒரே முறைதான் இருந்தது: நீதிமன்றம் விசாரணை நடத்தும், ஒருவர் புத்தி ஸ்வாதீனமற்றவர் என்று தீர்ப்பளிக்கும், அவருடைய உடலுக்கு ஒரு காப்பாளரையும் சொத்துக்கு ஒரு நிர்வாகியையும் நியமிக்கும், நிர்வாகி கணக்குக் காட்ட வேண்டும். இம்முறையின் நன்மை கணக்கு. தீமை அதன் முழுமை. ஒருமுறை அத்தீர்ப்புக்கு ஆளானவர், சட்டத்தின் கண்ணில் எந்தக் காரியத்துக்கும் உரிய மனிதராக இல்லாமற் போனார்.

ஒரு மனத்துக்கு மூன்று சட்டங்கள்

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, நோயாளியின் உரிமையை நடுவில் வைத்த உயர்ந்த நோக்கமுடைய சட்டமாக வந்தது. நினைவிலும் திசையறிவிலும் ஏற்படும் கடுமையான குறைபாடு அதன் வரையறைக்குள் அடங்குவதால், மறதி நோயாளியும் அதன் பாதுகாப்புக்கு உரியவரே என்று கொள்ள இடமுண்டு. தம் மனநலச் சிகிச்சையைப் பற்றி முன்கூட்டியே எழுதிவைக்கலாம். தமக்காகப் பேசுவதற்கு ஒரு பிரதிநிதியைப் பெயர் குறித்து நியமிக்கலாம். ஒருவருடைய தீர்மானம் பிறர் கண்ணுக்குத் தவறாகத் தோன்றுவதாலேயே அவர் தீர்மானிக்கத் திறனற்றவர் என்று கொள்ளலாகாது. இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை. ஆயின், பழைய சட்டத்தை நீக்கியபோது, அதிலிருந்த சொத்து நிர்வாகம் பற்றிய அத்தியாயமும் உடன் நீங்கிற்று. அதற்கு மாற்றாக எதுவும் வைக்கப்படவில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, வரம்புடைய காப்பாளரை நியமிக்க வழி செய்கிறது; அக்காப்பாளர் குறிப்பிட்ட காரியத்துக்கும் குறிப்பிட்ட காலத்துக்கும் மட்டும், மாற்றுத்திறனாளியின் சித்தத்தை அனுசரித்து, அவரோடு சேர்ந்து தீர்மானிப்பவராக இருக்க வேண்டும். எண்ணம் உயர்ந்தது. ஆனால் நோய் முற்றி, பேச்சும் அடங்கிப்போன ஒருவரோடு சேர்ந்து தீர்மானிப்பது என்பது நடைமுறையில் என்னவாகும் என்று அது விரித்துரைக்கவில்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999, மாவட்டக் குழுவின் மூலம் எளிதாகக் காப்பாளரை நியமித்துத் தருகிறது. எனினும் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறை, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. முதுமையில் வரும் மறதிக்கு அதில் இடமில்லை. காப்பாளர் மற்றும் காப்பில் உள்ளோர் சட்டம், 1890, சிறாருக்கு மட்டும் உரியது.

‘பவர் பத்திரம்’ என்று நாம் வழங்கும் பொது அதிகார ஆவணத்தின் கதி இன்னும் விசித்திரமானது. தந்தை நலமாக இருக்கும்போதே மகனுக்கு அதிகாரம் எழுதிக் கொடுத்துவிட்டால் பிற்காலக் கவலை தீர்ந்தது என்று எண்ணுவோர் பலர். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, அதன் 201-ஆம் பிரிவில், அதிகாரம் அளித்தவருடைய சித்தம் பேதலித்தால் முகவரின் அதிகாரமும் முடிவுறும் என்கிறது. எதற்காக அந்த ஆவணம் எழுதப்பட்டதோ அந்த நாள் வரும்போது அது செல்லாத காகிதமாகிவிடுகிறது. இங்கிலாந்து இந்தக் குறையை 1985-இல் ஒரு சட்டத்தாலும், பின்பு 2005-ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டத்தாலும் களைந்தது. அங்கே ஒருவர் தம் சொத்துக்கு ஒன்றும் உடல்நலத்துக்கு ஒன்றுமாக நிலைத்து நிற்கும் அதிகார ஆவணங்களை எழுதிப் பதிவு செய்துவைக்கலாம். ஜப்பான் 2000-ஆம் ஆண்டில், முதியோர் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கிய அதே ஏப்ரல் மாதத்தில், இத்தகைய முன் ஒப்பந்தத்தையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நீதிமன்றம் மேற்பார்வையாளர் ஒருவரை நியமித்த பின்னரே அது அங்கே உயிர் பெறுகிறது. இந்தியாவில் இதற்கு இணையான ஒன்று இல்லை. வங்கிகளும், முதிர்ந்தவர் கைரேகை வைத்துப் பணம் பெறும் வழியை உடல் தளர்ந்தவருக்குத் தந்திருக்கின்றனவே ஒழிய, எதற்காகக் கைரேகை வைக்கிறோம் என்று அறியாதவருக்கு அது பொருந்துமா என்பதில் தடுமாறுகின்றன.

இந்த வெற்றிடத்தை நிரப்பும் பாரம் உயர் நீதிமன்றங்களின் மேல் விழுந்திருக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2019-இல், நினைவிழந்து கிடப்பவருக்குக் காப்பாளரை நியமிப்பதற்கான நெறிகளை வகுத்து, மருத்துவக் குழுவின் பரிசோதனை, வருவாய்த் துறையின் விசாரணை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு ஆகியவற்றைக் கட்டாயமாக்கிற்று. சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2024-இல், நினைவிழந்த கணவரின் சொத்தை விற்றுச் சிகிச்சைக்குப் பயன்படுத்த மனைவிக்கு அனுமதி அளித்தது. கருணை மிகுந்த தீர்ப்புகள் இவை. ஆயினும் இரண்டும் நினைவு முற்றிலும் அற்றுப்போனவரைப் பற்றியவை. பாதி நினைவோடு, மறுப்பும் விருப்பும் இன்னும் உடையவராக வீட்டில் நடமாடும் முதியவருக்கு அவற்றை அப்படியே பொருத்துவது ஆபத்து. அன்றியும், ரிட் மனு போட்டு உயர் நீதிமன்றம் ஏறக்கூடிய குடும்பங்கள் எத்தனை என்பதும் சிந்திக்கத்தக்கது.

நலமா, விருப்பமா

அதிகாரம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், அதனை எந்த அளவுகோலால் செலுத்துவது என்பதில் மூன்று சித்தாந்தங்கள் மோதுகின்றன.

முதலாவது, நோயாளியின் நலனே பிரதானம் என்பது. இங்கிலாந்தின் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இதனை ஏற்று, ஆனால் அவருடைய முந்தைய விருப்பங்களையும் நம்பிக்கைகளையும் கணக்கில் கொள்ளுமாறு கட்டளையிட்டுப் பண்படுத்திற்று. இதன் பலவீனம், நலம் என்பதைச் சொல்பவர் வேறு, அனுபவிப்பவர் வேறு என்பதே. கிராமத்து வீட்டின் திண்ணையில் தனியாக இருக்கும் தாயை நகரத்தின் அடுக்கு மாடிக்குக் கொண்டுவருவது நலம் என்று பிள்ளைகள் தீர்மானிக்கும்போது, பழகிய வாசலும் பழகிய கிணறும் அவர் நினைவைத் தாங்கிப் பிடித்திருந்த தூண்கள் என்பதை அவர்கள் அறியாதிருக்கலாம்.

இரண்டாவது, நோயாளி தெளிவோடு இருந்திருந்தால் எதைத் தேர்ந்திருப்பாரோ அதைத் தேர்வது. இதன் தோற்றம் பலர் அறியாதது. 1816-இல் ஆங்கில நீதிபதி எல்டன் பிரபு, சித்தம் கலங்கிய செல்வர் ஒருவரின் உபரி வருமானத்திலிருந்து வறிய உறவினர்க்கு உதவித்தொகை அளிப்பதை நியாயப்படுத்தும்போது, அவர் தெளிவோடிருந்தால் இவர்களைப் பிச்சை எடுக்க விட்டிருக்க மாட்டார் என்னும் கருத்தில் இக்கொள்கையைக் கையாண்டார். நோயாளியின் பணத்தை உறவினருக்குத் தருவதற்காகப் பிறந்த கொள்கை, ஒன்றரை நூற்றாண்டு கழித்து மருத்துவமனைக்குள் புகுந்து, நோயாளியின் சுதந்திரத்தின் காவலனாகப் போற்றப்படுவது சரித்திரத்தின் விந்தை. அதன் நம்பகத்தன்மையும் சந்தேகத்துக்கு உரியது: பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2006-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, நெருங்கிய உறவினர் நோயாளியின் விருப்பத்தைச் சரியாக ஊகித்தது 68 சதவீதச் சந்தர்ப்பங்களில் மட்டுமே என்று கண்டது. அன்பின் குறை என்று இதைக் கொள்ள வேண்டியதில்லை. ஒருவர் மனம் மற்றொருவருக்கு எத்துணை மூடியிருக்கிறது என்பதன் சான்று அது.

மூன்றாவது, நோயாளியே முன்னர் எழுதிவைத்ததை அப்படியே நிறைவேற்றுவது. 1993-இல் ரொனால்ட் ட்வார்கின் என்னும் தத்துவ அறிஞர் இதற்கு வலிமையான ஆதாரம் தேடினார். மனித வாழ்வில், அவ்வப்போது அனுபவிக்கும் இன்ப துன்பங்கள் ஒரு வகை, வாழ்க்கை முழுவதற்கும் அர்த்தம் தரும் குறிக்கோள்கள் மற்றொரு வகை, பின்னதே உயர்ந்தது, ஆகையால் அறிவோடிருந்த நாளில் எழுதிய கட்டளை, அறிவிழந்த நாளின் மனநிறைவை வென்று நிற்க வேண்டும் என்பது அவர் வாதம். சட்ட அறிஞர் ரெபெக்கா ட்ரெஸர் 1995-இல் இதை மறுத்தார்: நோயாளி இப்போது சிரித்துக்கொண்டு, உணவை ருசித்துக்கொண்டு, பாட்டைக் கேட்டுக்கொண்டு இருக்கிறார், அன்றைய அவர் இன்றைய இவருக்கு மரணத்தை விதிக்கும் உரிமை எங்கிருந்து வந்தது என்று கேட்டார். தத்துவ அறிஞர் அக்னியெஷ்கா யவோர்ஸ்கா 1999-இல் இருவருக்கும் நடுவே ஒரு வழி கண்டார்: நோய் நடுத்தர நிலையை அடைந்தபோதும் பலர் எதையேனும் மதிப்புடையதாகக் கருதும் சக்தியை இழப்பதில்லை, திட்டமிட்டு நிறைவேற்றத் தெரியாதிருக்கலாம், ஆயினும் எது முக்கியம் என்று அவர்களுக்குத் தெரிகிறது, அந்த மதிப்பு வாழும்வரை அவர்களுடைய சுயாதீனமும் வாழ்கிறது. இம்மூன்றில் யவோர்ஸ்காவின் நிலையே அனுபவத்துக்கு மிக நெருக்கமானது என்று தோன்றுகிறது. ஆனால் நோய் அந்த நடுநிலையைக் கடந்த பின் அதுவும் மௌனமாகிவிடுகிறது.

நம் நாட்டில் இந்த விவாதத்தின் சட்ட வடிவம் மிகக் குறுகியது. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று, குணமாகும் நம்பிக்கை அற்ற நிலையில் உயிர் நீட்டிக்கும் சிகிச்சையை மறுக்கும் முன் கட்டளைக்கு அங்கீகாரம் அளித்து, 2023 ஜனவரியில் அதன் நடைமுறையை எளிதாக்கிற்று. மாஜிஸ்திரேட்டுக்குப் பதில் நோட்டரியோ கெஜட் பதிவு பெற்ற அதிகாரியோ சான்றளித்தால் போதும். மனநலச் சிகிச்சைக்கான முன் கட்டளை வேறொரு சட்டத்தின் கீழ், வேறொரு வாரியத்திடம் பதிவாக வேண்டும். சொத்தைப் பற்றி முன் கட்டளையே இல்லை. உயில் உண்டு, ஆனால் அது மரணத்துக்குப் பின் பேசுவது. ஒரே மனிதரின் ஒரே மனத்தைப் பற்றி மூன்று சட்டங்கள் பேசுகின்றன. மூன்றும் ஒன்றையொன்று அறியா.

ஐக்கிய நாடுகளின் எதிர்வாதம்

2006-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையும், அதன் 12-ஆம் ஷரத்தை விளக்கி 2014-இல் வெளியான பொதுக் கருத்துரையும், மேற்கூறிய விவாதத்தின் அஸ்திவாரத்தையே அசைத்தன. மனத்திறன் குறைவது காரணமாக ஒருவருடைய சட்டத் தகுதியைப் பறிக்கலாகாது. பிறர் அவருக்குப் பதிலாகத் தீர்மானிக்கும் ஏற்பாடுகள் யாவும் நீங்கி, அவர் தீர்மானிக்கத் துணை நிற்கும் ஏற்பாடுகள் வர வேண்டும். விருப்பம் அறிய முடியாத இடத்தும், நலனை அளவுகோலாக்காமல், அவருடைய சித்தத்துக்கும் விருப்பத்துக்கும் மிகச் சிறந்த பொருள்கோளைத் தேட வேண்டும். இந்தியா 2007-இல் இவ்வுடன்படிக்கையை ஏற்றது. ஜெர்மனி 1992-இலேயே ஒருவரைத் தகுதியற்றவராக அறிவிக்கும் முறையை ஒழித்திருந்தது. அயர்லாந்து 2015-இல் இயற்றிய சட்டத்தை 2023-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்து, 19-ஆம் நூற்றாண்டின் பைத்தியச் சட்ட முறைக்கு விடை கொடுத்தது.

இக்கொள்கையின் ஆன்மீக உயர்வை மறுப்பதற்கில்லை. தாய் ஒரு சொல்லும் சொல்ல முடியாத நிலையிலும், அவர் முகத்தின் சுளிப்பும் கையின் பற்றுதலும் ஒரு கருத்தைத் தெரிவிக்கின்றன என்று சட்டம் ஏற்பது பெரிய காரியம். ஆனால் அதன்மேல் எழும் ஆட்சேபமும் கனமானது. நோய் முற்றிய நிலையில், துணை நிற்பவர் தம் கருத்தையே நோயாளியின் சித்தம் என்று சொல்லிக்கொண்டால், பழைய காப்பாளர் முறையில் இருந்த கணக்கும் மேற்பார்வையும்கூட இல்லாத ஆதிக்கமாக அது முடியலாம். அதிகாரம் இல்லை என்ற பெயரில் செலுத்தப்படும் அதிகாரத்தைக் கட்டுப்படுத்துவது, வெளிப்படையான அதிகாரத்தைக் கட்டுப்படுத்துவதைவிடக் கடினம். நலன் மோதும்போது துணை நிற்பவர் விலகிக்கொள்ள வேண்டும் என்று நம் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஒரே வீட்டில் வாழ்ந்து அதே வீட்டுக்கு வாரிசாகவும் இருக்கும் பிள்ளை எதிலிருந்து, எவ்வாறு விலகுவது?

செட்டில்மென்ட் பத்திரம் என்னும் நம் வழி

சட்டத்தின் வெற்றிடத்தைத் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் தமக்குத் தெரிந்த முறையில் நிரப்பிக்கொள்கின்றன. சித்தம் தெளிவாக இருக்கும்போதே, அல்லது தெளிவாக இருப்பதாக எல்லோரும் ஒப்புக்கொள்ளும்போதே, தந்தையோ தாயோ வீட்டை ஒரு பிள்ளையின் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்துவிடுகிறார். பின்வரும் பராமரிப்பு, எழுதப்படாத கைம்மாறாகக் கொள்ளப்படுகிறது. எழுதப்பட்ட பத்திரம் நிலைக்கிறது. எழுதப்படாத கைம்மாறு சில வீடுகளில் மறக்கப்படுகிறது.

பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்புச் சட்டம், 2007, இதற்கு மருந்தாக 23-ஆம் பிரிவை வைத்தது: அடிப்படை வசதிகளைத் தர வேண்டும் என்னும் நிபந்தனையோடு தரப்பட்ட சொத்து, அந்நிபந்தனை மீறப்பட்டால், மோசடியால் பெற்றதாகக் கருதப்பட்டுத் தீர்ப்பாயத்தால் ரத்தாகலாம். நிபந்தனை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டுமா என்பதில் நீதிமன்றங்கள் ஊசலாடி வந்துள்ளன. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிபந்தனை இருந்ததென்று நிரூபிக்கப்பட வேண்டும், அன்பினால் தரும் பொருளுக்கு நிபந்தனை இருப்பதாகப் பொதுவாக ஊகிக்க முடியாது என்றது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இச்சட்டம் முதியோர் நன்மைக்காக எழுந்தது, தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம், அன்பும் பற்றுமே உட்கிடையான நிபந்தனை என்னும் அளவுக்குச் சென்றது. முதியவர் பக்கம் சாயும் இப்போக்கு மனத்துக்கு உகந்ததே. ஆயினும் அச்சட்டம் முழுவதும், முறையிடத் தெரிந்த முதியவரையே மனத்தில் கொண்டு இயற்றப்பட்டிருக்கிறது. தாமே விண்ணப்பிக்க இயலாதவருக்காக, அவரால் அதிகாரம் அளிக்கப்பட்ட வேறொருவர் விண்ணப்பிக்கலாம் என்கிறது. அதிகாரம் அளிக்கவும் இயலாதவருக்கு பெரும்பாலும் மிஞ்சுவது, தீர்ப்பாயம் தானாக முன்வந்து எடுத்துக்கொள்ளும் விசாரணையே. வீட்டுக்குள் மௌனமாக இருப்பவரைத் தீர்ப்பாயம் எவ்வாறு அறியும்?

சித்த சுவாதீனத்தோடு எழுதுகிறேன் என்னும் வாசகம் எல்லா உயில்களிலும் பத்திரங்களிலும் தொடக்கத்திலேயே இடம்பெறுகிறது. அது ஆவணம் எழுதுபவரின் வழக்கம், சித்தத்தின் சாட்சியம் ஆகாது. உயிலைப் பொறுத்தவரை, சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலைகளை விலக்கும் பொறுப்பு உயிலை முன்வைப்பவருடையது என்று உச்ச நீதிமன்றம் 1958-இல் நிலைநாட்டிற்று. உயிருடன் இருக்கும்போது எழுதப்படும் செட்டில்மென்டுக்கு அதே அளவு விழிப்பு சார் பதிவாளர் அலுவலகத்தில் காட்டப்படுவதாகச் சொல்ல முடியாது. நீதிமன்றம் பல ஆண்டுகள் கழித்து ஆராய்வதைச் சார் பதிவாளர் சில நிமிஷங்களில் அறிய வேண்டியிருக்கிறது.

கையெழுத்திடுபவரும் கவனிப்பவரும்

சட்டத்தைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் கையெழுத்தைச் சுற்றியே நிகழ்கின்றன. பெற்றவருடைய நாளின் பெரும்பகுதியைத் தீர்மானிப்பவரோ வேறு ஒருவர். நம் வீடுகளில் அவர் மகளாகவோ, மருமகளாகவோ, மனைவியாகவோ, மாதச் சம்பளத்துக்கு வந்து தங்கும் பெண்ணாகவோ இருப்பது வழக்கம். இரவில் வாசற்கதவைப் பூட்டுவதா, மாத்திரையைச் சோற்றில் கலந்து ஊட்டலாமா, இருபது ஆண்டுகளுக்கு முன் காலமான கணவர் எங்கே என்று கேட்கும் மாமியாரிடம் உண்மையைச் சொல்லி ஒவ்வொரு நாளும் புதிதாக அவரை அழவைப்பதா, வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லி அமைதிப்படுத்துவதா என்பவை எந்த நீதிமன்றத்துக்கும் வராத தீர்ப்புகள். டாம் கிட்வுட் என்னும் ஆங்கில உளவியலறிஞர் 1997-இல் வெளியிட்ட நூலில், நோயாளியின் சீரழிவில் ஒரு பங்கு மூளையின் சேதத்தால் மட்டுமன்றி, அவரை அவசரப்படுத்துவது, ஏமாற்றுவது, அவர் முன்னிலையிலேயே அவர் இல்லாததுபோல் பேசுவது ஆகியவற்றாலும் விளைகிறது என்று வாதித்தார். கிட்வுட்டின் வாதம் பராமரிப்பின் மேன்மையை உலகுக்கு உணர்த்திற்று. ஆயினும் ஏமாற்றுவதைக் கண்டித்த அவர் அளவுகோலை, விடியும்வரை விழித்திருந்து ஆறுதலுக்காக ஒரு பொய் சொல்லும் மருமகளின் மேல் அப்படியே வைப்பது நியாயமாகாது.

இதற்கு நம் பண்பாட்டில் ஒரு கிளைச் சிக்கலும் உண்டு. லாரன்ஸ் கோஹன் என்னும் மானுடவியலறிஞர், காசியில் செய்த களஆய்வை ஒட்டி 1998-இல் எழுதிய நூலில், முதியவரின் தடுமாறிய பேச்சை அண்டை அயலார் மூளையின் நோயாகக் கொள்ளாமல், பிள்ளைகள் சேவை செய்யத் தவறியதன் அடையாளமாகவே கேட்டனர் என்று காட்டினார். காசிக்கு மட்டும் உரிய செய்தி அல்ல இது. சோறு போடவில்லை என்று தெருவில் நின்று சொல்லும் தாய், அரை மணிக்கு முன் உண்டதை மறந்திருக்கலாம். உண்மையிலேயே பட்டினியாகவும் இருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறிய அண்டை வீட்டாருக்கும் வழியில்லை, காவல் நிலையத்துக்கும் வழியில்லை.

2017-ஆம் ஆண்டுச் சட்டம், கூலிக்கோ கூலியின்றியோ நோயாளியுடன் தங்கிப் பராமரிப்பவரை ஒரு தனி வகையாகவே அங்கீகரித்து, பிரதிநிதி நியமிக்கப்படாதபோது உறவினருக்கு அடுத்த வரிசையில் வைத்தது. இது சிறிய முன்னேற்றம். எனினும் பணத்தைப் பற்றிய அதிகாரம் ஒருவரிடமும், பராமரிப்பின் பாரம் மற்றொருவரிடமும் இருக்கும் குடும்பத்தில், கவனிப்பவர் கேட்கும் ஒவ்வொரு செலவும் யாசகமாகிவிடுகிறது. சட்டம் சொத்தையும் பராமரிப்பையும் இரு வேறு அறைகளில் வைத்து ஆராய்வதே, நாம் ஆராய்ந்த விடைகள் பலவற்றின் பொதுவான குறை என்று கருத இடமிருக்கிறது.

தீராதவை

திறனை அளப்பது எப்படி என்பதில் ஒருவாறு உடன்பாடு உண்டாகியிருக்கிறது. செய்தியைப் புரிந்துகொள்ளல், அது தமக்குப் பொருந்துவதை உணர்தல், காரண காரியம் ஆராய்தல், ஒரு தேர்வைத் தெரிவித்தல் என்று ஆப்பல்பாம், கிரிஸோ என்னும் ஆய்வாளர்கள் 1988-இல் வகுத்த நான்கு அம்சங்கள் பரவலாக ஏற்கப்பட்டுள்ளன. திறன் என்பது காரியத்துக்குக் காரியம் வேறுபடும் என்பதும் ஏற்கப்பட்டுவிட்டது. முப்பது மதிப்பெண்ணுக்கு நடத்தும் நினைவுச் சோதனை ஒன்றை வைத்து ஒருவர் தம் வீட்டை விற்கத் தகுதியுடையவரா என்று முடிவு செய்வது தவறு என்பதை மருத்துவர்கள் அறிவர். வங்கிகளும் பதிவு அலுவலகங்களும் அறிய வேண்டும்.

நிலைத்து நிற்கும் அதிகார ஆவணத்தை இந்தியா சட்டமாக்க வேண்டும் என்பதில் பெரிய தத்துவ ஆட்சேபம் எதுவும் காணப்படவில்லை. எந்த அளவு மேற்பார்வையோடு என்பதில்தான் சிக்கல். மேற்பார்வை மிகுந்தால் ஏழைக் குடும்பம் அதை நாடாது. குறைந்தால் சொத்து கரைந்துபோகும். ஜப்பானில் தொடக்கத்தில் நீதிமன்றங்கள் பெரும்பாலும் உறவினரையே காப்பாளராக நியமித்தன. காலப்போக்கில் வழக்கறிஞர் முதலிய அந்நியரின் எண்ணிக்கை உறவினரை விஞ்சிற்று. கணக்கு ஒழுங்குபட்டது, செலவு கூடிற்று, முதியவரை அறிந்தவர் விலகி நின்றார். பிள்ளைகள் இல்லாதவருக்கும், பிள்ளைகள் கடல் கடந்து வாழ்பவருக்கும் அந்நியக் காப்பாளர் தவிர வேறு வழி இராது என்பதால், நமக்கும் அந்தக் கேள்வி வரத்தான் போகிறது.

இவற்றைவிட ஆழமான ஒன்று விவாதங்களில் அரிதாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. பவர் பத்திரம், முன் கட்டளை, பிரதிநிதி நியமனம், செட்டில்மென்ட் ஆகிய எந்த ஏற்பாடும், நோயின் தொடக்கத்தில் இருப்பவர் தமக்கு வந்திருப்பது இன்னதென்று அறிந்து, அறிந்ததன்மேல் தீர்மானிப்பதையே அடிப்படையாகக் கொண்டிருக்கிறது. நம் மருத்துவமனைகளில் நோயின் பெயர் முதலில் மகனிடமோ மகளிடமோ, பெரும்பாலும் அறைக்கு வெளியே, சொல்லப்படுகிறது, அப்பாவிடம் சொல்ல வேண்டாம், மனம் உடைந்துவிடுவார் என்று குடும்பம் கேட்டுக்கொள்கிறது, மருத்துவரும் இசைகிறார். அந்த இசைவு அன்பிலிருந்து பிறப்பது. ஆயினும், தம் விருப்பத்தைச் சொல்லக்கூடிய சில ஆண்டுகள் அவருக்கு அங்கேயே பறிபோகின்றன. பின்னர் வரும் காப்பாளரும் நீதிபதியும் தேடும் சித்தம், கேட்கப்படாமலே போன சித்தமாகிவிடுகிறது. அவரிடம் யார் சொல்வது, எவ்வளவு சொல்வது, கேட்க மாட்டேன் என்று முகம் திருப்புபவரின் மறுப்பையும் ஒரு தீர்மானமாக மதிப்பதா என்பவற்றில் மருத்துவ நெறியிலும் ஒருமித்த கருத்து இல்லை. சட்டமோ அக்கேள்வியை இன்னும் கேட்கவேயில்லை.